டெபாசிட் கட்டும் முன் ஒரு கடிதம்

(அமெரிக்கக் கல்லூரிகளில் சேரவிருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் மாவட்ட மைய நூலக அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும், விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்றெல்லாம் பேசுவதற்குப் பல பேர் இருக்கிறார்கள். நான் அவற்றைப் பேச வரவில்லை. அட்மிஷன் கடிதம் வந்த நாளுக்கும் விசா நேர்காணல் நாளுக்கும் நடுவே ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கிறது. என்ரோல்மென்ட் டெபாசிட் என்பது அதன் பெயர். நம் வீடுகளில் அதை "அட்வான்ஸ்" என்கிறோம். இன்று மாலை அந்த ஒரு தொகையைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன்.

இதற்கு ஒரு கூட்டமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். சில கல்லூரிகளில் அது 100 டாலர். பலவற்றில் 200 முதல் 500 டாலர் வரை. சிலவற்றில் 1,000 டாலரும் அதற்கு மேலும் உண்டு. டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 500 டாலர் என்பது 45,000 ரூபாய். இந்த அரங்கில் எத்தனை பேருக்கு அது ஒரு மாதச் சம்பளம்? எத்தனை பேருக்கு அதைவிடவும் கூடுதல்? அந்தப் பணத்தை நாம் எப்படிக் கட்டுகிறோம்? கடைசி நாளில், கைநடுங்க, யாரோ சொன்ன கணக்குக்கு, எந்த நிபந்தனையையும் படிக்காமல் கட்டுகிறோம். பல ஆண்டுகள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்து இதைப் பார்த்தவன் நான். அதனால்தான் பேச வந்தேன்.

முறை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இடம் உண்டு என்று கல்லூரி கடிதம் அனுப்புகிறது. டெபாசிட் கட்டி, வருகிறேன் என்று நீங்கள் உறுதி சொல்கிறீர்கள். வங்கி இருப்பு, கல்விக் கடன் ஒப்புதல் போன்ற பணச் சான்றுகளைப் பார்த்த பிறகு, கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம் செவிஸ் என்ற அமெரிக்க அரசின் பதிவில் உங்கள் பெயரைச் சேர்த்து ஐ-20 படிவம் தருகிறது. பிறகு 350 டாலர் செவிஸ் கட்டணம், 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணம், அதன்பின் சென்னையில் துணைத் தூதரகத்தில் நேர்காணல். பல கல்லூரிகள் டெபாசிட் வந்தால்தான் ஐ-20 தரும். சில கல்லூரிகள் டெபாசிட் கேட்காமலே தந்துவிடும். உதவித்தொகையோடு முனைவர் பட்டத்துக்கு எடுக்கும் துறைகள் பெரும்பாலும் டெபாசிட் கேட்பதே இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுப் பையன் கட்டினான் என்பதற்காக நீங்களும் கட்ட வேண்டும் என்பதில்லை. உங்கள் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? அதைப் பாருங்கள்.

கவுன்ட்டரில் அடிக்கடி என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. "அட்வான்ஸ் கட்டிட்டா விசா வந்துரும்ல சார்?" ஒவ்வொரு பருவத்திலும் யாராவது ஒரு தகப்பனார் கேட்டுவிடுவார். இல்லை ஐயா, வராது. இடம் தருவது கல்லூரி. விசா தருவது அமெரிக்க அரசு. கல்லூரிக்கு நீங்கள் கட்டிய பணத்தை விசா அதிகாரி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. படிப்பு முடிந்து ஊர் திரும்புவீர்கள் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்றால், குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவைக் குறிப்பிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்தத் தாளோடு வெளியே வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பெற்றோர் இங்கேயும் இருக்கலாம்.

அப்போது அந்த டெபாசிட் என்ன ஆகும்?

இந்தக் கேள்விதான் இன்றைய பேச்சின் உயிர். பெரும்பாலான கல்லூரிகள் "டெபாசிட் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ஒரே வரியில் எழுதிவிடுகின்றன. அந்த வரியைப் பார்த்ததும் நம்மவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இந்த விதி எழுதப்பட்டது யாருக்காக? இரண்டு கல்லூரிகளில் இடம் பிடித்து வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் ஒன்றைக் கைவிடும் உள்ளூர் மாணவருக்காக. அவர் தன் விருப்பத்தால் வராமல் போகிறார். விசா மறுக்கப்பட்ட மாணவர் அப்படியா வராமல் போனார்? போக வேண்டும் என்று துடித்தவரை வேறு ஒருவர் தடுத்துவிட்டார். இந்த இரண்டு பேரையும் ஒரே வரியில் அடைப்பது நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பல கல்லூரிகளே இதை உணர்ந்து, விசா மறுப்புத் தாளைக் காட்டினால் டெபாசிட்டைத் திருப்பித் தருகின்றன. சில கல்லூரிகள் அடுத்த செமஸ்டருக்கு மாற்றி வைக்கின்றன. சில இரண்டையும் செய்வதில்லை. உங்கள் கல்லூரி இதில் எந்த வகை? பணம் கட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்?

ஆகவே பணம் கட்டும் முன் ஒரு கடிதம் எழுதுங்கள். அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல். பணிவாக, சுருக்கமாக, நேராக. அதில் என்ன எழுதுவது? "உங்கள் கல்லூரியில் சேர விரும்புகிறேன். டெபாசிட் கட்டத் தயாராக இருக்கிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசா மறுக்கப்பட்டால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எந்தத் தேதிக்குள், எந்தச் சான்றோடு கேட்க வேண்டும்? நேர்காணல் தேதியே கிடைக்காமல் போனால் அடுத்த செமஸ்டருக்கு மாற்ற முடியுமா? நான் கட்டும் தொகை முதல் செமஸ்டர் கட்டணத்தில் கழிக்கப்படுமா?" இவ்வளவுதான். ஐந்தாறு வரி. இதை எழுதினால் சீட்டு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அட்மிஷன் தந்த பிறகு கேள்வி கேட்டதற்காக எந்தக் கல்லூரியும் இடத்தைப் பறிப்பதில்லை. ஆனால் பதிலைத் தொலைபேசியில் வாங்காதீர்கள். ஏஜென்ட் வாயால் வாங்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிலை அச்செடுத்து ஐ-20 கோப்பிலேயே வைத்திருங்கள்.

நேர்காணல் தேதியே கிடைக்காமல் போகுமா என்று சிலர் கேட்கலாம். 2025-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மே 1-ஆம் தேதி கெடுவுக்குள் எத்தனையோ பிள்ளைகள் டெபாசிட் கட்டி முடித்திருந்தார்கள். மே 27-ஆம் தேதி, மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதிகள் தர வேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை உலகம் முழுவதும் உள்ள தன் தூதரகங்களுக்கு உத்தரவிட்டது. ஜூன் நடுவில்தான் மறுபடி திறந்தார்கள். திறந்தபோது சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. ஆகஸ்டில் வகுப்பு. அதற்குள் தேதி கிடைத்தவர் போனார். கிடைக்காதவர்? அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் டெபாசிட்டை அடுத்த செமஸ்டருக்கு மாற்ற முடியும் என்று முன்பே எழுத்தில் வாங்கி வைத்திருந்தவர் அந்தக் கோடையை ஓரளவு நிம்மதியாகக் கழித்தார்.

சரி, கெடு நாளுக்கு வருவோம். இளங்கலைப் படிப்புக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் மே 1. மே 1 நமக்கு என்ன நாள்? மே தினம். தமிழ்நாட்டில் வங்கி விடுமுறை. அவர்களுடைய கெடு நாளில் நம் வங்கிக் கதவு பூட்டியிருக்கும். ஏப்ரலிலும் இதே கதைதான். ஏப்ரல் 1 ஆண்டுக் கணக்கு முடிப்பு. ஏப்ரல் 14 சித்திரைத் திருநாள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் இருக்கவே இருக்கின்றன. வெளிநாட்டுக்கு வங்கி வழியாக அனுப்பும் பணம் போய்ச் சேர சில வேலை நாட்கள் ஆகும். எனவே உங்கள் நாட்காட்டியில் மே 1 என்று வட்டம் போடாதீர்கள். ஏப்ரல் 20-க்கு வட்டம் போடுங்கள். அட்டை வழியாக இணையத்தில் கட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு சிறு சலுகை உண்டு. நியூயார்க் நேரப்படி மே 1 இரவு 11.59 என்றால் நமக்கு மே 2 காலை 9.29. கலிஃபோர்னியா நேரம் என்றால் நண்பகல் 12.29. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். அந்தக் காலையில்தான் ஓடிபி வராமல் போகும்.

முதுகலை, முனைவர் பட்டம் படிக்கப் போகிறவர்கள் ஏப்ரல் 15 என்ற தேதியை மனத்தில் வையுங்கள். அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் மன்றம் கொண்டுவந்த ஒரு தீர்மானம் இருக்கிறது. உதவித்தொகையோ உதவியாளர் பணியோ தந்து அழைக்கும் கல்லூரி, அதை ஏற்றுக்கொள்ளும்படி மாணவரை ஏப்ரல் 15-க்கு முன் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியல் அந்த மன்றத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் ஏஜென்ட் வந்து, "நாளைக்குள் சொல்லாவிட்டால் ஸ்காலர்ஷிப் போச்சு" என்றால் முதலில் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இளங்கலை மாணவர்களுக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மே 1-க்கு முன் அவசரப்படுத்தி ஆசை காட்டக் கூடாது, வேறு கல்லூரிக்கு உறுதி சொன்ன மாணவரை அதன் பிறகு இழுக்கக் கூடாது என்று கல்லூரி அனுமதி ஆலோசகர்களின் தேசியச் சங்கம் விதி வைத்திருந்தது. அது போட்டியைத் தடுக்கிறது என்று அமெரிக்க நீதித் துறை தலையிட்டதால் 2019-இல் சங்கம் அந்த விதிகளைக் கைவிட்டது. அதனால் இப்போது, சீக்கிரம் டெபாசிட் கட்டினால் நல்ல விடுதி அறை என்றெல்லாம் கல்லூரிகள் அழைக்க முடியும். விடுதி அறைக்காக நான்கு ஆண்டுப் படிப்பை முடிவு செய்யாதீர்கள், தம்பிகளே, தங்கைகளே. எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பதில் வரட்டும். உதவித்தொகைக் கணக்கை அருகருகே எழுதிப் பாருங்கள். அப்புறம் கட்டுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு கல்லூரிகளில் டெபாசிட் கட்டி இரண்டிலும் இடம் பிடித்து வைக்கும் பழக்கம் நம் ஊரிலும் வந்துவிட்டது. "எதுக்கும் இருக்கட்டும்" என்பார்கள். அது சரியில்லை. உங்களுக்காக ஒரு கல்லூரி வைத்திருக்கும் இடத்துக்குப் பின்னால் காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு பிள்ளை நிற்கிறது. தெரியவந்தால் அட்மிஷனை ரத்து செய்யும் உரிமையும் கல்லூரிகளுக்கு உண்டு. ஒன்றில் கட்டிவிட்டு மற்றொன்றின் காத்திருப்புப் பட்டியலில் இருப்பது வேறு விஷயம். அது அனுமதிக்கப்பட்டதுதான். அங்கே இடம் கிடைத்துப் போனால் முதல் டெபாசிட்டை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். உடனே முதல் கல்லூரிக்கு எழுதி விலகிக்கொள்ளவும் வேண்டும்.

இப்போது வங்கிக் கவுன்ட்டருக்கு வாருங்கள். என் சொந்த ஊர் மாதிரி எனக்குப் பழக்கமான இடம் அது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஏ2 படிவம் கொடுப்பார்கள். தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் என்று ஒன்றை ரிசர்வ் வங்கி 2004-இல் தொடங்கியது. இன்று அதன்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பான் எண் கட்டாயம். பிள்ளைக்குப் பதினெட்டு முடியவில்லை என்றால் பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். படிவத்தில் எதற்காக அனுப்புகிறோம் என்பதற்கு ஒரு குறியீடு கேட்பார்கள். வெளிநாட்டில் போய்ப் படிக்கும் கட்டணத்துக்கும் விடுதிச் செலவுக்கும் எஸ்0305. இதை மாற்றி எழுதினால் வரிப் பிடித்தத்தில் சிக்கல் வரும். 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்புவதற்கு டிசிஎஸ் என்ற அந்த வரிப் பிடித்தம் கிடையாது. வருமான வரிச் சட்டம் அங்கீகரித்த நிறுவனத்தில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கும் கிடையாது. உங்கள் டெபாசிட் 10 லட்சத்தைத் தொடாது. ஆனால் அதே ஆண்டில் கட்டப்போகும் கட்டணத்தோடு சேர்த்துத்தான் அதை எண்ணுவார்கள். அதனால் அந்த ரசீதைத் தொலைக்க வேண்டாம்.

அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். ஒன்று, வெளிநாட்டு வங்கிகளின் கட்டணத்தை யார் ஏற்பது என்ற கட்டம். நம் வங்கியிலிருந்து கிளம்பும் பணம் கல்லூரியின் வங்கிக்கு நேரே போவதில்லை. நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் வழியாகப் போகும். ஒவ்வொன்றும் தன் கூலியை அதிலேயே எடுத்துக்கொள்ளும். நீங்கள் 500 டாலர் அனுப்புவீர்கள். 480 டாலர் போய்ச் சேரும். கல்லூரியின் கணினி டெபாசிட் முழுதாக வரவில்லை என்று காட்டும். ஐ-20 நின்றுவிடும். இருபது டாலரால் இரண்டு வாரம் போகும். எல்லாக் கட்டணமும் அனுப்புபவரைச் சேர்ந்தது என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். இங்கே கொஞ்சம் கூடுதலாக ஆகும். பரவாயில்லை.

மற்றது, பணம் பெறுபவருக்குச் செய்தி எழுதும் கட்டம். பெரும்பாலோர் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். பணம் அப்பாவின் கணக்கிலிருந்து, அப்பாவின் பெயரில் போகிறது. கல்லூரியில் அப்பாவை யாருக்குத் தெரியும்? ஒரு மாணவியின் பணம் போய்ச் சேர்ந்தும், யாருடையது என்று தெரியாமல் அந்தக் கல்லூரியின் கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் சான்றான ஸ்விஃப்ட் காப்பியை எடுத்து அனுப்பிய பிறகுதான் அவர் பெயரில் வரவு வைத்தார்கள். மாணவரின் முழுப் பெயர், கல்லூரி கொடுத்த மாணவர் எண், எந்தப் பருவம், டெபாசிட் என்ற சொல். இவை அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும். பணம் போனதும் ஸ்விஃப்ட் காப்பியைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயினிலிருந்து எம்ஐடிக்குப் படிக்கப் போன ஈக்கர் மார்க்கைதே என்ற மாணவர் தன் கல்விக் கட்டணத்தை அனுப்பப் பட்ட பாட்டிலிருந்துதான் 2009-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று ஃப்ளைவயர் என்ற பெயரில் ஏராளமான கல்லூரிகளின் கட்டணப் பக்கங்களில் நிற்பது அதுதான். அந்த வழியில் நாம் ரூபாயில் கட்டலாம். பணம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டும் இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்துக்குக் கல்லூரியின் சொந்தப் போர்ட்டல் வழியாகவே போங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். கார்டில் கட்டுபவர்கள், வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று முன்னாலேயே பாருங்கள். 2020 முதல் புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன.

ஏஜென்ட் கணக்குக்கு டெபாசிட் கட்டச் சொன்னால்? கட்டாதீர்கள். நான் கட்டிவிடுகிறேன், உங்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்றால்? அப்போது இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள். திருடிய கார்டில் கட்டிவிட்டு உங்கள் பணத்தைச் சுருட்டும் வழி அது. சில வாரங்களில் கார்டின் சொந்தக்காரர் புகார் செய்வார். கல்லூரி அந்தத் தொகையை ரத்து செய்யும். உங்கள் பெயரில் மோசடிக் குறிப்பு நிற்கும்.

கல்லூரியே பொய்யாக இருந்தால்? இருந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் பிளெசன்டன் நகரில் டிரை-வேலி பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. ஐ-20 கொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். ஆந்திரத்துப் பிள்ளைகள் மிகுதி. 2011 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் அதை மூடினார்கள். சில மாணவர்களின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவியைப் பூட்டினார்கள். இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. அதன் நிறுவனருக்கு 2014-இல் 16 ஆண்டுகளுக்கும் மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் கட்டிய பணம்? மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று. அதை அமெரிக்க அரசே வலைவிரிப்பதற்காக நடத்தியது. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. 2019 ஜனவரியில் சுமார் 130 மாணவர்கள் பிடிபட்டார்கள். ஏறக்குறைய எல்லோருமே இந்தியர்கள். இந்த இரண்டும் ஐ-20 கொடுக்க அனுமதி பெற்ற இடங்களாகத்தான் வெளியே தெரிந்தன. ஆகவே அரசுப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கீகாரம் யார் தந்தது, வகுப்பு எங்கே நடக்கிறது, யார் பாடம் எடுக்கிறார்கள், இப்போது அங்கே படிக்கும் ஒரு மாணவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் டெபாசிட் கட்டாதீர்கள்.

பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று. டெபாசிட் கட்ட முடியவில்லை என்றால் அதையும் கல்லூரிக்கு எழுதலாம். வீட்டு நிலைமையைச் சொல்லி, தள்ளுபடியோ கால அவகாசமோ கேட்கலாம். பல கல்லூரிகளில் அதற்கு வழி இருக்கிறது. கேட்பதில் வெட்கம் வேண்டாம். தாலிக்கொடியை அடகு வைத்து 45,000 கட்டுவதைவிட ஒரு மின்னஞ்சல் அனுப்புவது எவ்வளவோ மேல். கல்விக் கடன் வாங்குபவர்கள் டெபாசிட் ரசீதை வங்கியில் காட்டுங்கள். பல வங்கிகள் அதை நீங்கள் போட வேண்டிய மார்ஜின் தொகையில் சேர்த்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது? அன்று இரவே கல்லூரிக்கு எழுதுங்கள். மறுப்புத் தாளின் நகலையும், அவர்கள் முன்பு எழுதித் தந்த பதிலையும், டெபாசிட் ரசீதையும் இணையுங்கள். மறுபடி விண்ணப்பிக்கப் போகிறீர்களா, அடுத்த செமஸ்டருக்கு மாற்றக் கேட்கிறீர்களா, பணத்தைத் திரும்பக் கேட்கிறீர்களா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ பெரும்பாலும் அந்தக் கணக்குக்கே திரும்பும். மாமாவின் கார்டில் கட்டியிருந்தால் மாமாவுக்குத்தான் வரும். அவருக்கும் சொல்லி வையுங்கள். செவிஸ் கட்டணம் திரும்பாது. ஆனால் பன்னிரண்டு மாதங்களுக்குள் அதே வகை விசாவுக்கு மறுபடி விண்ணப்பித்தால் அதை மீண்டும் கட்ட வேண்டியதில்லை.

நிரப்பிய மாதிரி ஏ2 படிவத்தின் நகல்களையும், கல்லூரிக்கு எழுத வேண்டிய அந்தக் கடிதத்தின் மாதிரியையும் வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அட்மிஷன் கடிதம் கொண்டுவந்திருப்பவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள். டெபாசிட் பற்றி உங்கள் கல்லூரி என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து படிப்போம்.